1909 பதிலில் இன்னொரு வரி வேண்டும்

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் போன் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். போனின் பதிவைப் பார்க்க 1909க்கு அனுப்பினால் வரும் பதிலில், பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதையும் சேர்க்கக் கேட்டு எழுதுகிறேன்.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு அம்மா கண்ணாடி வெடித்த போனோடு வந்தார். கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் காசைப் பார்க்கும் வங்கி ஆப் அதில்தான் இருக்கிறது. திரையை மாற்றிவிட்டு, வழக்கம்போல செட்டிங்ஸில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் திகதியைப் பார்த்தேன். 2021 மார்ச் 5. புது அப்டேட் இருக்கிறதா என்று அழுத்தினால், ‘உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்கிறது. கம்பனி அந்த மொடலைக் கைவிட்டு வருடக்கணக்காகிறது.

“புதுப்பெட்டி உடைச்சுத்தான் வாங்கினது தம்பி, ரெண்டு வருஷம்கூட ஆகேல்ல” என்றார்.

2015இல் அன்ட்ரொயிட் போன்களின் மென்பொருளில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. ஒரு எம்.எம்.எஸ் வந்தாலே போதும், திறந்துகூடப் பார்க்க வேண்டாம், போன் அடுத்தவன் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் அன்ட்ரொயிட்டின் ஓட்டைகளை அடைத்து அறிவிக்கத் தொடங்கியது. ஆனால் அந்தத் திருத்தம் சிப் செய்பவர், போன் செய்பவர் என்று கைமாறித்தான் நம்மிடம் வர வேண்டும். விலை குறைந்த மொடல்கள் பலவற்றுக்குக் கொஞ்ச நாளில் வராமலே போகிறது. திருத்தம் வெளியானால் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடும். அப்டேட் வராத போன்காரருக்கு ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ அடையாள இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பிப் பதிவைப் பார்க்கும் உங்கள் சேவை நல்ல சேவை. வாடிக்கையாளருக்கு முன்னாலேயே அனுப்பிக் காட்டுவேன். அந்தப் பதிலில் பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்றும் ஒரு வரி சேருங்கள். இறக்குமதிக்கு அனுமதி கேட்கும்போதே கம்பனியிடம் அந்தத் திகதியை வாங்கிவிடலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் அப்டேட் வரும் என்று கூகுள் 2023இலேயே சொன்னது. மற்றவர்களாலும் சொல்ல முடியும்.

அந்த அம்மாவிடம், வங்கி ஆப்பை இதில் வைக்க வேண்டாம் என்றேன். “சரி, அப்ப எதை வாங்கிறது?” என்று கேட்டார். கடையில் விற்பனைக்கிருந்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கமரா, பற்றரி எல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் திகதி ஒன்றிலும் இல்லை.

இப்படிக்கு,
போன் திருத்துபவர் ஒருவர்,
திருகோணமலை