ஆறால் வகுத்தால் மட்டும் பொம்மைச் சட்டை வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலுவை முன்னிட்டு ஞாயிறு இணைப்பில் பார்பி பொம்மைக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைக்கும் முறையை வெளியிட்டிருந்தீர்கள். எட்டு வயதுக் குழந்தையின் அளவுகளை ஆறால் வகுத்துத் துணியை வெட்டச் சொல்கிறது அது. அப்படி வெட்டியவர்கள் வீட்டில் சட்டை மார்பில் மூடியிருக்காது, பாவாடை இடுப்பில் மூட்டையாக நின்றிருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பார்பி மனித உருவத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது சரிதான். உயரம் 11.5 அங்குலம், ஏறத்தாழ 29 செ.மீ. ஆனால் அதன் உடல்வாகு குழந்தையுடையது அல்ல, வளர்ந்த பெண்ணுடையது. வழக்கமான பார்பிக்கு மார்புச் சுற்றளவு சுமார் 13 செ.மீ., இடுப்பு 9, சீட் (இடுப்புக்குக் கீழே பின்பக்கச் சுற்றளவு) 13. எட்டு வயதுக் குழந்தையின் மார்பு 63 செ.மீ. என்று வைத்துக்கொண்டு ஆறால் வகுத்தால் 10.5தான் வரும். இரண்டரை செ.மீ. பற்றாது. இடுப்பு மட்டும் தற்செயலாகப் பொருந்திவிடும் என்பதால் கணக்கு சரிபோலத் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது கோளாறுதான் பெரியது. பொம்மையை ஆறால் வகுத்துவிட்டோம், துணியின் கனத்தை யார் வகுப்பது? இடுப்பைச் சுற்றி 1 மி.மீ. கனம் ஏறினால் வெளிச் சுற்றளவு 6 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் கூடும். நம் இடுப்பில் அது கண்ணுக்கே தெரியாது. 9 செ.மீ. இடுப்பில் அது, நமக்கு ஒன்றரை அங்குலம் பருத்ததற்குச் சமம். பட்டில் கொசுவம் வைத்து, அதை மடித்த பட்டிக்குள் நுழைத்து, அதற்குள் நாடாவும் கோத்தால் எத்தனை மடிப்பு சேரும் என்று எண்ணிப் பாருங்கள். 1959 மார்ச்சில் பார்பி அறிமுகமானபோது இடுப்பு அவ்வளவு சிறுத்திருந்ததற்கு, மேலே ஏறும் துணிக்கனத்துக்கு இடம் விட்டதும் ஒரு காரணம் என்பார்கள். முதல் உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன், ஜப்பானில் தங்கி அங்குள்ள தையல்காரர்களைக் கொண்டே அவற்றை உருவாக்கினார். பொம்மைத் தையலில் துணியும் கொக்கியும் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

முதலில் அளவு. கையிலிருக்கும் பொம்மையை அளந்தே ஆக வேண்டும். 2016இல் பருத்த, உயர்ந்த, குட்டையான உடல்வாகுகளும் வந்துவிட்டன. கடைத்தெருவில் விற்கும் நகல்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. டேப் வேண்டாம், அதன் அகலமே தவறான அளவைக் காட்டும். 5 மி.மீ. அகலக் காகிதப் பட்டையைச் சுற்றிக் குறித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். சட்டையின் வடிவத்துக்குக் கணக்கே தேவையில்லை. பொம்மையின் மேலுடலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே செல்லோடேப்பை இறுக்கமாக ஒட்டி, தோள், பக்கம், கழுத்து, அக்குள் வளைவு, நடுமுதுகு ஆகிய கோடுகளைப் பேனாவால் வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டி எடுத்தால் அச்சு அசலான வடிவம் கிடைத்துவிடும். அதைக் காகிதத்தில் பரப்பி, முன்பாகத்தின் இரு பக்க ஓரங்களிலும் பின்பாகங்களின் பக்க ஓரங்களிலும் தலா 2.5 மி.மீ. தளர்வு சேர்த்தால் மொத்தம் 1 செ.மீ. ஆகும். அது போதும்.

துணிக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தி முதல் தரம். பழைய பட்டுப்புடவையும் நல்லதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்த இடத்தில் எடுக்காதீர்கள், தையல் போட்டதும் இற்றுவிடும். புட்டாவைக் கவனியுங்கள். 2 செ.மீ. மயில், பொம்மையின் மேல் 12 செ.மீ. மயில். கரையிலும் இதே கதைதான். நம் பாவாடையில் 3 அங்குலக் கரை என்றால் இங்கே 12 மி.மீ. ஜரிகை லேஸ். புடவைக் கரையையே வெட்டி வைத்தால் பாவாடையில் பாதியை அதுவே விழுங்கிவிடும், வெட்டிய ஓரத்தில் ஜரிகையும் பிரியும்.

பாவாடைக்கு வருவோம். வட்டமாக வெட்டும் அம்பர்லா வெட்டு இடுப்பில் கனம் ஏற்றாது. ஆனால் அதன் கீழ் ஓரம் வளைவதால் நேர்க்கரை அதில் படியாது. எனவே பட்டுத் துணியை நேராகவே வெட்டி, கொசுவத்தை இடுப்பில் தொடங்காமல் அதற்குக் கீழே தொடங்க வேண்டும். இடுப்புக்கு மல்மலில் ஒரு யோக், அதாவது கொசுவமில்லாத மேல்துண்டு, போடுங்கள். மேல் ஓரம் 10.5 செ.மீ., கீழ் ஓரம் 13.5, உயரம் 2.5. பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏற 1 செ.மீ. இதிலேயே அடக்கம், தையலுக்கு விடும் துணி தனி. பட்டு 30 செ.மீ. அகலம், பாவாடை 17 செ.மீ. இறங்க வேண்டுமானால் முடிந்த உயரம் 14.5. துணி தட்டையாக இருக்கும்போதே லேஸைத் தைத்துவிடுங்கள், கொசுவம் வைத்தபின் முடியாது. பிறகு 7 மி.மீ. ஆழத்தில் 12 கொசுவம் பிடித்தால் 30 செ.மீ. சுருங்கி ஏறத்தாழ 13.5க்கு வரும், 3 மி.மீ. வித்தியாசத்தைக் கடைசிக் கொசுவத்தில் சரிக்கட்டலாம். பின்தையல் போடும்போது யோக்கும் அதற்குக் கீழே 2.5 செ.மீ.யும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் சீட்டைத் தாண்டி ஏறாது. யோக்கைச் சட்டை மறைத்துவிடும் என்பதால் வெளியே பட்டு மட்டுமே தெரியும்.

சட்டைக்கு முன்பாகம் ஒன்று, பின்பாகம் இரண்டு. பின்பாகங்களில் நடுமுதுகு ஓரத்தில் தலா 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். முதுகு மேலிருந்து கீழ்வரை முழுக்கத் திறக்க வேண்டும், ஏனென்றால் கழுத்துவழி தலை நுழையாது, கையும் மடங்காது. மரப்பாச்சிக்குச் சுற்றிக் கட்டினால் முடிந்தது, இதற்கு அது நடக்காது. முன்பாகத்தில் பக்க ஓரத்திலிருந்து மார்பை நோக்கி ஒரு சிறு டாட் (கூம்பு மடிப்பு) பிடியுங்கள். அது இல்லாவிட்டால் சட்டையின் முன் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்துக்குக் கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய பட்டி) போட்டால் கயிறுபோலத் தடிக்கும். உடல் முழுவதற்கும் மல்மல் லைனிங் வைத்து, நல்ல பக்கங்களைச் சேர்த்துக் கழுத்தைத் தைத்து, வளைவில் 3 மி.மீ.க்கு ஒரு வெட்டு கொடுத்துத் திருப்புங்கள். வெட்டு தையலுக்கு 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும்.

வரிசை தவறினால் வேலை கெடும். தோள், பிறகு லைனிங்கோடு கழுத்து, சட்டைக் கையின் ஓர மடிப்பு, அடுத்து கையைத் தட்டையாக அக்குள் வளைவில் பொருத்துதல், அதன்பிறகே கையின் அடியிலிருந்து பக்கம்வரை ஒரே தையல். நம் ரவிக்கைக்குச் செய்வதுபோல் கையைக் குழாயாக்கிப் பொருத்தப் பார்த்தால் மெஷின் பாதம் உள்ளே நுழையாது. அக்குளில் தையலுக்கு விட்ட துணியை 3 மி.மீ.க்கு நறுக்கி, இரண்டு வெட்டு கொடுக்காவிட்டால் கை இறங்காது. கையின் வாய் குறைந்தது 5.5 செ.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் பொம்மையின் விரித்த கட்டைவிரல் சிக்கும். போடும்போது பொம்மையின் கைமேல் சிறு பிளாஸ்டிக் உறையை மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

மெஷினில் 9 அல்லது 11 எண் ஊசி. வழக்கமான 16 எண் ஊசியின் தடிமன் 1 மி.மீ., அது பட்டில் விடும் ஓட்டை மறையாது. தையல் நீளம் 1.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 17 தையல். அதைவிட நீளமானால் சிறு வளைவுகள் கோணல் கோணலாக வரும். துணியின் முனையை ஊசித் தட்டின் துளை உள்ளே இழுத்துக்கொள்வது எல்லோரும் படும் பாடு. ஒரு துண்டுத் துணியில் தைக்கத் தொடங்கி அப்படியே சட்டைக்குள் செல்லுங்கள், அல்லது அடியில் மெல்லிய பட்டர் பேப்பர் வைத்துத் தைத்தபின் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். இதை உங்களுக்கே எழுதுவதற்குப் பொறுத்தருள்க. இன்னொன்று, சிறு பாகங்களை வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். வடிவத்தைத் துணியில் வரைந்து, வரைந்த கோட்டில் தைத்து, பிறகு 4 மி.மீ. விட்டு வெட்டுங்கள். 6 செ.மீ. துண்டைக் கையில் புரட்டப் புரட்ட ஓரம் பிரிந்து பாதித் துணி காணாமல் போகும்.

வெல்க்ரோவை உங்கள் செய்முறை சிபாரிசு செய்கிறது. அது பொம்மையின் முடியைப் பிய்க்கும், பட்டின் இழையை இழுக்கும், கனமும் அதிகம். 5 மி.மீ. பிரஸ் பட்டன் சட்டைக்கு மூன்று, பாவாடைக்கு ஒன்று போதும். கொலுவில் நிற்கும் பொம்மைக்குக் கொக்கியும் நூல்கண்ணியுமே போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பட்டனும் மணியும் இல்லாமல் தைப்பதே நல்லது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

சாயத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணிகளின் சாயம் பொம்மையின் மென்பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். மேலே படிவதில்லை, உள்ளே இறங்குகிறது, அதனால் சோப்புப் போட்டாலும் போகாது. கொலு ஒன்பது நாள் நிற்கும், அதற்குப் பிறகும் பலர் உடையோடே பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால், வெறும் சுங்குடியானாலும் சரி, துவைத்து நிறம் விடுவது நிற்கும்வரை அதைத் தொடாதீர்கள். பட்டுக்கு வெள்ளை மல்மல் லைனிங் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியில் வைக்கும்முன் உடையைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் வெளியான வடிவப்படம் இடத்துக்கேற்பச் சுருக்கப்பட்டிருந்தது. பெரியவர் சட்டைக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. பொம்மைச் சட்டையின் முன்பாகம் 8 செ.மீ. அகலம்கூட வராது, இரண்டு பத்திக்குள் அடங்கிவிடும். அடுத்த முறை முழு அளவிலேயே அச்சிடுங்கள். பக்கத்தில் 5 செ.மீ. நீளக் கோடு ஒன்றையும், நூல்போக்கைக் காட்டும் அம்புக்குறியையும், தையலுக்கு விட்ட அளவு உள்ளே சேர்ந்ததா இல்லையா என்ற ஒரு வரியையும் போட்டுவிட்டால் வாசகர்கள் தாளிலிருந்தே நேராக நகலெடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
மதுரை.