பசியடக்கும் மூலிகைக் குளிசை விளம்பரம்: ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில உள்பக்கத்தில பசியை அடக்கி ஒரே மாசத்தில 8 கிலோ குறைக்கிற மூலிகைக் குளிசை, பக்கவிளைவே இல்லை எண்டு ஒரு விளம்பரம் வந்திருந்தது. அதைப் பார்த்ததில இருந்து மனம் கேக்கேல்லை, அதுதான் எழுதுறன். உதே மாதிரி ஒரு குளிசையை நானும் 19 நாள் போட்டனான்.

எனக்கு 47 வயது, ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏறின உடம்பு பேந்து இறங்கவே இல்லை, 84 கிலோ. பிரஷருக்கும் மருந்து போடுறன். கிளினிக்குக்குப் போற ஒவ்வொரு மாசமும் நிறையைக் குறையுங்கோ எண்டு சொல்லுவினம், எப்பிடிக் குறைக்கிறது எண்டு இருந்து கதைக்க அங்க ஆருக்கும் நேரமில்லை. கலியாண வீடு, சாமத்தியவீடு எண்டு போனா "என்னப்பா நல்லாப் பருத்திட்டீர்" எண்டு முகத்துக்கு நேரயே கேக்குதுகள். இப்பிடி இருக்கேக்கதான் கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி ஒரு ரின்னைக் கொண்டுவந்து, இது முழுக்க மூலிகை, கெமிக்கல் ஒண்டும் இல்லை, போட்டா பசியே வராது எண்டா. 60 குளிசை, 7,500 ரூபா. அவா பொய் சொல்லேல்லை, அவாவுக்கும் ஆரோ அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்கினம்.

உண்மையாவே பசி வரேல்லை, அதுவும் ரெண்டாம் நாளே. காலமை பிட்டு அவிச்சுக் குழல்ல இருந்து தள்ளேக்க எப்பவும் ஒரு துண்டு கிள்ளி வாயில போடுறனான், அண்டைக்கு ஆவி பறக்கப் பறக்கக் கிடந்த பிட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன், கை போகேல்லை. பின்னேரம் நாலு மணிக்குத்தான் இன்னும் சாப்பிடேல்லை எண்டதே நினைவு வந்தது. எனக்குச் சரியான சந்தோசம். பத்து நாளில 3 கிலோ இறங்கிச்சு.

ஆனா முதல் கிழமையே நித்திரை போட்டுது. வாய் காய்ஞ்சு காய்ஞ்சு வரும், சாமத்தில எழும்பியிருந்து தண்ணி குடிப்பன், படுத்திருந்தா நெஞ்சில கிடக்கிற தாலிக்கொடி துடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். 19ஆம் நாள் கிளினிக்கில பார்த்தா பிரஷர் 170/110. மருந்து ஒழுங்காப் போடுறீங்களோ எண்டு கேட்டினம், ஓம் எண்டன். குளிசையைப் பற்றி நான் வாய் திறக்கேல்லை, மூலிகைதானே, அதை ஏன் டொக்டருக்குச் சொல்லுவான் எண்டுதான் நினைச்சன். அவை பிரஷர் மருந்தின்ர அளவைக் கூட்டித் தந்து விட்டிச்சினம்.

என்ர தங்கச்சியின்ர மகள் சித்த மருத்துவம் படிக்கிறா. அவா வீட்டை வந்த நேரம் ரின்னைக் காட்டினன். திருப்பித் திருப்பிப் பார்த்தா, என்ன மூலிகை எண்டு ஒரு பேரும் இல்லை, செய்தவன்ர விலாசம் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. ஒரு குளிசையைத் திறந்து சோசரில கொட்டினா, மண்ணிறத் தூளுக்குள்ள வெள்ளைத் தூள் தனியாக் கலந்து கிடந்தது. "பெரியம்மா, நாங்கள் படிக்கிற மூலிகையள் ஒண்டும் ரெண்டாம் நாளே பசியை இப்பிடி வெட்டி நிப்பாட்டாது, உதை இண்டைக்கே விடுங்கோ" எண்டா.

அவா சொல்லித்தான் சிபுட்ரமின் எண்ட பேரையே கேள்விப்பட்டன். மூளையில வேலை செய்து பசியைக் குறைக்கிற இங்கிலீஷ் மருந்து, முந்தி டொக்டர்மார் எழுதிக் குடுத்ததுதான். கிட்டத்தட்ட 10,000 பேரை வைச்சுச் செய்த ஆய்வில, ஏற்கனவே இருதய வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுது எண்டு தெரிய வந்து 2010இல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் சந்தையில இருந்து எடுத்திட்டினம். ஆனா அதை மூலிகை எண்டு பேர் போட்ட குளிசையளுக்குள்ள களவாக் கலந்து விக்கிறதைப் பல நாடுகளில திரும்பத் திரும்பப் பிடிச்சிருக்கினம். நெஞ்சு படபடப்பு, வாய் காய்தல், நித்திரையின்மை, பிரஷர் ஏறுறது எல்லாம் அதின்ர குணம். நான் போட்டதுக்குள்ள அதுதான் இருந்தது எண்டு சொல்ல எனக்குச் சாட்சி இல்லை, ஆனா விட்டு நாலாம் நாள் நித்திரை வந்திட்டுது. அடுத்த மாசம் கிளினிக்கில எல்லாத்தையும் சொன்னன், மருந்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்திட்டினம்.

இதால நான் மூலிகையைக் குறை சொல்ல வரேல்லை. பெறாமகள் வேலியில கிடந்த குறிஞ்சா இலை ரெண்டைப் பிடுங்கிச் சப்பச் சொல்லிப்போட்டு, பேந்து ஒரு கரண்டி சீனி தந்தா, வாயில மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது, இனிப்பே இல்லை! கொஞ்ச நேரத்துக்கு இனிப்பில ஆசையே வராது. அவ்வளவுதான் அந்த இலை செய்யும், அதையே சத்தெடுத்துக் குளிசையாப் போட்டா சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஆக்களுக்குச் சீனி மட்டம் கீழ இறங்கிற ஆபத்து இருக்கு எண்டா. மீன்கறிக்குப் போடுற கொறக்காப்புளியின்ர சத்துத்தான் உலகம் முழுக்க மெலியிற குளிசையா விக்குது, 1998இல 135 பேருக்கு 12 கிழமை குடுத்துப் பார்த்த ஆய்வில அதை எடுத்த ஆக்கள் 3.2 கிலோவும் வெறும் போலிக் குளிசை எடுத்த ஆக்கள் 4.1 கிலோவும் குறைஞ்சிருக்கினம். ரெண்டு பகுதியும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினதாலதான் அந்தளவாவது குறைஞ்சது. அதோட கொறக்காக் குளிசை எடுத்த சில பேருக்கு ஈரல் பழுதாப் போன சம்பவங்களும் பதிவாகியிருக்கு.

எனக்கு இறங்கின 3 கிலோவும் ஒரு மாசத்தில திரும்பி வந்திட்டுது. இப்ப காலமையில குரக்கன் பிட்டு, மத்தியானம் சோத்தைப் பாதியாக்கி முருங்கையிலை வறையைக் கூட்டி, பின்னேரம் ரோட்டால ஒரு மணித்தியாலம் நடக்கிறன், நாலு மாசத்தில 4 கிலோ. மெதுவாத்தான், பசிக்கும், ஆனா நித்திரை வருது.

ஐயா, உங்கட பேப்பரில வந்தா எங்கட சனம் அப்பிடியே நம்பும், என்ர அம்மா இப்பவும் "பேப்பரிலயே போட்டிருக்கு" எண்டுதான் சொல்லுவா. இனி உப்பிடி ஒரு விளம்பரம் வந்தா, காசை வாங்க முதல் ஆயுர்வேதத் திணைக்களத்தின்ரயோ தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின்ரயோ அனுமதி இலக்கத்தைக் கேளுங்கோ, அந்த இலக்கத்தையும் உள்ள இருக்கிற மூலிகையின்ர பேரையும் விளம்பரத்திலயே போடச் சொல்லுங்கோ. தரமாட்டன் எண்டா அந்த விளம்பரத்தைப் போடாதேங்கோ.

ஒரு வாசகி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.