ஆப்பிளோடு கதையை முடித்துவிடாதீர்கள்

இயற்பியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஈர்ப்பு விசைப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, "ஏம்ப்பா, சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல கயிறு எதுவும் இல்லையே, அப்புறம் எப்படி இழுக்குது?" என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். ஆப்பிள் இருந்தது, சூத்திரம் இருந்தது, கணக்குகள் இருந்தன. அவள் கேட்டதற்கு ஒரு வரிகூட இல்லை.

அவளைவிடப் பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. தொடாமல் எதையும் நகர்த்த முடியாது என்பது பிரெஞ்சுத் தத்துவவாதி டேக்கார்ட்டின் பிடிவாதம். கண்ணுக்குத் தெரியாத நுண்பொருள் வெளியெங்கும் நிறைந்து சுழல்கிறது, கல்லைக் கீழே தள்ளுவது அந்தச் சுழல்தான் என்று 1644இல் எழுதினார். அவர் கணக்கில் பூமி எதையும் இழுக்கவில்லை.

இதை ஹைகன்ஸ் என்ற டச்சு அறிவியலாளர் பாத்திரத்தில் செய்தே காட்டினார். 1669இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. உருளை வடிவப் பாத்திரத்தில் தண்ணீர், அடியில் அரக்குத் துணுக்குகள். பாத்திரத்தைச் சுழற்றும்போது துணுக்குகள் ஓரத்துக்குப் போகும். சட்டென்று நிறுத்தினால், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க, அவை வளைந்து வளைந்து நடுவில் வந்து குவியும். வெளியே ஓடப் பார்க்கும் நீர்தான் அவற்றை உள்ளே தள்ளுகிறது என்றார். துவரம் பருப்பு கழுவும்போது தண்ணீரைக் கையால் சுழற்றிவிட்டு, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். பருப்பு நடுவில் கூடும். நானும் மகளும் அன்றைக்கே செய்து பார்த்தோம், சாம்பார்தான் தாமதமாகிவிட்டது.

ஹைகன்ஸ் கணக்கும் போட்டார். நிலநடுக்கோட்டில் இருக்கும் ஒரு புள்ளி பூமியோடு சேர்ந்து சுற்றும் வேகத்தைப்போல 17 மடங்கு வேகத்தில் நுண்பொருள் ஓட வேண்டுமாம். ஒரு சிக்கல்: ஒரே திசையில் சுழன்றால் பொருள்கள் அச்சை நோக்கித்தான் போகும், பூமியின் மையத்துக்கு வராது. அதனால் நுண்பொருள் எல்லாத் திசைகளிலும் சுழல்வதாகச் சொல்லிச் சமாளித்தார். ஒட்டுப்போட்டது தெரிகிறது, ஆனாலும் முட்டாள்தனமான யோசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1687இல் 'பிரின்சிப்பியா' என்ற நூலில் நியூட்டன் சுழல்களைக் கலைத்தார். கோள்கள் சுற்றும் காலத்தைப் பற்றிய கெப்ளரின் விதியோடு சுழல் ஒத்துவரவில்லை. வால்மீன்கள் வேறு எந்தச் சுழலையும் மதிக்காமல் குறுக்கே போகின்றன. 1682இல் வந்தது கோள்களுக்கு எதிர்த்திசையிலேயே போனது. சரி, சுழல் இல்லையென்றால் தள்ளுவது எது? நியூட்டனின் ஈர்ப்பு என்ற கொள்கையே அபத்தமாகத் தோன்றுவதாக ஹைகன்ஸ் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிஸுக்கு எழுதினார். இது ஓயாத அற்புதம் என்று லைப்னிஸ் கிண்டலடித்தார்.

நியூட்டன் என்ன சொன்னார் என்பதைத்தான் நீங்கள் மறைத்துவிட்டீர்கள். இடையில் எதுவுமே இல்லாமல், வெற்றிடத்தின் வழியே ஒரு பொருள் இன்னொன்றின்மீது செயல்படும் என்பது பெரிய அபத்தம் என்று 1693இல் பெண்ட்லி என்ற பாதிரியாருக்கு அவரே எழுதினார். 1713இல் வந்த பிரின்சிப்பியாவின் இரண்டாம் பதிப்பில், ஈர்ப்பின் காரணத்தைத் தன்னால் கண்டறிய முடியவில்லை, கருதுகோள்களைப் புனையவும் மாட்டேன் என்றார். மனம் கேட்கவில்லை போலும். 1717இல் ஒளியியல் நூலின் புதிய பதிப்பில், ஈதர் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊடகம்தான் காரணமாக இருக்குமோ என்று கேள்வி வடிவில் சேர்த்துவிட்டார்.

அடுத்த பதிப்பில் இதற்கு அரைப் பக்கம் கொடுங்கள். அரக்குப் பாத்திரத்தைச் செய்முறையாக வையுங்கள். பருப்பிலேயே நடக்கும், செலவே கிடையாது. காரணம் தெரியவில்லை என்று நியூட்டன் எழுதியதையும் அப்படியே போடுங்கள். இடம் இல்லை என்பீர்கள். ஆப்பிள் மரத்தின் படம் முக்கால் பக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அப்பா