கோவன் கல்லறைத் தோட்டத்தில் மீதிக் கற்களையும் தேடுங்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மன்றத்தினருக்கும், அந்நகரின் கோவன் பகுதியிலுள்ள பழைய தேவாலயத்தைப் பராமரித்து வருபவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தேவாலயத் தோட்டத்தில் 5, 6ஆம் நூற்றாண்டுகளிலேயே கிறிஸ்தவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். 870இல் வைக்கிங்குகள் டம்பார்ட்டன் பாறைக்கோட்டையைப் பிடித்த பிறகு, கிளைட் ஆற்றங்கரை அரசர்களின் தலைமையிடமே கோவனுக்கு மாறியது என்கிறார்கள் வரலாற்றாளர்கள். அந்தக் காலத்துச் செல்வாக்கை அங்குள்ள, சிற்பம் செதுக்கிய கல்லறைக் கற்களில் இன்றும் பார்க்கலாம். 1855இல் குழி தோண்டும்போது கிடைத்த கல் சவப்பேழையின் பக்கத்தில் குதிரை வீரன் ஒருவன் மானைத் துரத்துகிறான். வீட்டுக் கூரை போல ஓடு செதுக்கிய ஐந்து பெரிய கற்கள் வேறு. பின்னிப் பின்னிப் போகும் கோடுகளுக்கு நடுவே சிலுவை நிற்கும் பலகைக் கற்களில், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் யார் யாரோ தங்கள் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அதைச் சேதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டாருக்கு அதே கல்லைத்தானே மறுபடி வைத்தார்கள்!

என் கவலை வெளியே விடப்பட்ட கற்களைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் கணக்கெடுத்தவை 46. தேவாலயத்துக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தவை 31. மற்றவை சுவரோரம் கிடந்தன. 1973இல் பக்கத்துக் கப்பல் தளத்தை இடித்தபோது அவை இடிபாடுகளோடு போய்விட்டன என்றே எல்லோரும் நம்பினார்கள். 2019இல் ஊர் மக்களோடு சேர்ந்து நடத்திய அகழாய்வில் ஒரு பள்ளி மாணவர் மண்ணைக் குத்திப் பார்த்ததில் ஒரு கல் தட்டுப்பட்டது. அப்புறம் இன்னும் இரண்டு. 2023இல் ஈட்டியும் வட்டக் கேடயமும் ஏந்திய வீரன் செதுக்கிய கல்லும் கிடைத்தது.

அப்படியென்றால் தேடலை ஏன் அவ்வப்போது கிடைக்கும் நிதிக்கும் தன்னார்வலர்களின் ஓய்வு நாளுக்கும் விட்டுவைக்க வேண்டும்? சுவரோரம் முழுவதையும் ஒழுங்காக அளந்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியாகத் தோண்ட நிதி ஒதுக்குங்கள். கோவன் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தது அவர்களில் ஒருவர் அல்லவா? கிடைப்பவற்றை வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பாமல், மழை படாமல் அந்தத் தேவாலயத்திலேயே வையுங்கள். 2024இல் திறந்த பாலத்தால் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள பார்ட்டிக்கிலிருந்து இப்போது நடந்தே வரலாம். பார்க்க வருபவர்களுக்குக் குறைவிருக்காது.

அன்புடன்,
கிளாஸ்கோவில் வசிக்கும் ஒரு தமிழ் வாசகர்