முன்பணம் கட்டுமுன் ஒரு கடிதம்

ஆஸ்டின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை, மன்னித்துக்கொள். சான் ஹோசே வீட்டை விற்றுவிட்டு இங்கே வரப்போகிறாய், புது வீட்டுக்கு முன்பணமும் கட்டப்போகிறாய் என்று நேற்று நம் நண்பன் ‘பட்டாளம்’ சொன்னான். கட்டுமுன் இதைப் படித்துவிடு. மாமாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரியவளுக்குப் பள்ளி பிடித்துவிட்டது. மற்றதெல்லாம் நேரில்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. 2019இல் அரசியல் சட்டத்திலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். கலிபோர்னியாவில் 9.3 சதவீதப் படியில் நிற்கும் உனக்கு அது தித்திக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே பள்ளியும் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமும் பெரும்பாலும் வீட்டு வரியில்தான் நடக்கின்றன. நகர எல்லைக்கு வெளியே நீ பார்த்திருக்கும் புதுக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போட்ட கடனை அடைக்க ‘மட்’ வரி என்று தனியாக ஒன்று உண்டு. எல்லாம் சேர்ந்து வீட்டு மதிப்பில் இரண்டரை சதவீதத்தைத் தொடும் இடங்களும் இருக்கின்றன. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு, வரிச் சலுகைகளைக் கழிக்குமுன், ஆண்டுக்கு 12,500 டாலர். வீட்டுக்கடன் தீர்ந்த பிறகும் இந்த வரி ஆண்டுதோறும் வரும்.

என் கதையைக் கேள். ஜனவரி 1 அன்று இருக்கும் நிலையை வைத்துத்தான் இங்கே வரி போடுவார்கள். நான் வாங்கிய வீடு அன்று வெறும் மனை. முதல் ஆண்டு மனைக்கு மட்டும் வரி வந்தது. வீட்டு வரியையும் மாதத் தவணையோடு சேர்த்து வாங்கிக் கட்டுபவர்கள் கடன் கொடுத்தவர்கள்தான். அவர்களும் அதை வைத்தே தவணையைக் கணக்கிட்டார்கள். மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்தது. பழைய பற்றாக்குறையையும் சேர்த்துத் தவணை மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஏறிவிட்டது. விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த மாதம் அப்பாவுக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்தேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

அதனால் அந்தச் சான் ஹோசே வீட்டை விற்காதே. 2012இல் நீ வாங்கிய விலையை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வரி மதிப்பை ஏற்ற முடியாதபடி 1978இல் வந்த சட்டம் உன்னைக் காக்கிறது. இங்கே குடியிருக்கும் வீட்டுக்கே 10 சதவீதம் வரை ஏற்றலாம். விற்றால் அந்தப் பழைய மதிப்பு போனது போனதுதான். அதை வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்.

ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். கல்லூரிக் கிணற்றில் படியை விட்டு இறங்காத உன்னை இதிலாவது தள்ளிவிட வேண்டும். ஆகஸ்டில் வா. மார்ச்சில் வந்தால் வெயிலும் தெரியாது, மின்கட்டணமும் தெரியாது.

அந்த வீட்டின் மொத்த வரி விகிதத்தை விற்பவரிடம் எழுத்தில் வாங்கி நாளைக்கே அனுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
சேது