சர்வர் பதிப்பில் க்ரோனியை வையுங்கள்: லினக்ஸ் வெளியீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சர்வர் பதிப்பின் புதிய வெளியீடு வந்துவிட்டது. கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு இந்த முறையும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற நிரலிடமே விடப்பட்டிருக்கிறது. அது எஸ்என்டிபி என்ற எளிமையாக்கப்பட்ட நேர நெறிமுறையை மட்டும் பேசும் எளிய கிளையண்ட் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் கோரிக்கையை முதலிலேயே வைக்கிறோம்: சர்வர் பதிப்பில் க்ரோனி என்ற நேர ஒத்திசைவு நிரலை, குறைந்தது நான்கு நேர மூலங்களோடு (நேரம் தரும் சர்வர்களோடு), இயல்பிருப்பாக நிறுவித் தாருங்கள்.

டைம்சிங்க்டி ஒரு சமயத்தில் ஒரே ஒரு சர்வரைத்தான் கேட்கிறது. பட்டியலில் எத்தனை பெயர் எழுதினாலும், முதலாவது பதில் தராவிட்டால்தான் அடுத்ததைத் தேடிப் போகும். பதில் தருகிற சர்வர் தப்பான நேரத்தைத் தந்தால், ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கிடையாது. இது கற்பனை இல்லை. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் ஆண்டை 2000 என்று அறிவித்தன. அவற்றை நம்பியிருந்த ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் பயனர் நிர்வாக முறை) அமைப்புகள் பல நிலைகுலைந்தன. நேரத்தைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட இடத்திலேயே இது நடந்தது.

இப்படி நடக்கும்போது சர்வரைப் பராமரிப்பவர் படும் பாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உள்நுழைவோரை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது, உள்நுழைவு மறுக்கப்படும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஒருமுறைக் கடவுச்சொல் பொருந்தாது. செல்லுபடியாகும் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று தள்ளப்படும். பிழைச்செய்திகள் எதுவும் கடிகாரத்தைச் சுட்டுவதில்லை. சந்தேகப்பட்டு டைம்டேட்சிடிஎல் கட்டளையை ஓட்டினாலும், கடிகாரம் ஒத்திசைந்திருக்கிறதா என்ற வரிக்கு நேரே ‘ஆம்’ என்றே வரும். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் சான்றிதழை மாற்றுகிறார், ஃபயர்வாலைக் குடைகிறார், பதிவேடுகளைப் புரட்டுகிறார். அந்தப் பதிவேடுகளின் நேர முத்திரைகளும் தப்பு.

க்ரோனி இப்படி ஏமாறாது. மூலங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாததை ஒதுக்குகிறது. ‘க்ரோனிசி சோர்சஸ்’ கட்டளை தரும் பட்டியலில் அதற்குப் பெருக்கல் குறி போட்டும் காட்டுகிறது. இரண்டே மூலங்கள் இருந்து அவை முரண்பட்டால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று இருந்தால் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் ஒன்று செயலிழந்ததும் மீண்டும் இரண்டு. நான்கு கேட்பதற்குக் காரணம் இதுதான். 2019இல் வந்த ஆர்எஃப்சி 8633 என்ற இணைய வழிகாட்டு ஆவணமும் நான்கையே பரிந்துரைக்கிறது. நான்கும் வெவ்வேறு அமைப்புகளுடையதாக இருக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து வரும் நான்கு பெயர்கள் ஒன்றுக்குச் சமம். லீப் நொடியை (உலக நேரத்தைச் சரிசெய்ய எப்போதாவது சேர்க்கப்படும் ஒரு நொடியை) நாள் முழுக்கப் பரப்பித் தரும் சர்வரையும் பரப்பாத சர்வரையும் கலக்கவும் கூடாது.

நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புக் கோப்பையும் கவனியுங்கள். பல இடங்களில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்ற வரியே நகலெடுக்கப்படுகிறது. ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டும் கடிகாரத்தை ஒரேயடியாக நகர்த்தலாம் என்பது அதன் பொருள். நிறுத்திவைத்து மறுபடி எழுப்பும் மெய்நிகர் கணினிக்கு இது போதாது. க்ரோனி கடிகாரத்தை விரைவுபடுத்தும் உச்ச வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் பின்தங்கிய கணினி சரியான நேரத்துக்கு வர 12 மணி நேரம் ஆகும். மெய்நிகர் கணினிகளுக்கான வார்ப்புகளில் மட்டும் அந்த 3ஐ -1 (அதாவது, எண்ணிக்கை வரம்பில்லை) ஆக்கிவிடுங்கள்.

பேட்டரிக் கடிகாரம் இல்லாத சிறு பலகைகளைக் காரணம் காட்டி டைம்சிங்க்டிக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். டைம்சிங்க்டி கடைசி நேரத்தைச் சேமித்து வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் க்ரோனியை ‘-எஸ்’ தெரிவோடு தொடங்கினால், வன்பொருள் கடிகாரம் இல்லாதபோது டிரிஃப்ட் கோப்பு (கடிகாரத்தின் விலகல் வேகத்தைக் குறித்துவைக்கும் கோப்பு) கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை அதுவும் எடுத்துக்கொள்கிறது. பழைய நேர நிரலான என்டிபிடியே போதும் என்ற வாதமும் நிற்காது: மெல்ல நகர்த்தும்போது அது நொடிக்கு அரை மில்லிநொடிக்கு மேல் நகர்த்தாது, ஓடும்போது 1000 நொடி வித்தியாசம் கண்டால் வேலையை விட்டே வெளியேறிவிடும். ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸின் 7ஆம் பதிப்பில் க்ரோனியை இயல்பாக்கி, 8இல் என்டிபி தொகுப்பையே எடுத்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்? ஐகான்களையும் வண்ணங்களையும் வெளியீட்டுக்கு வெளியீடு மாற்ற நேரம் இருக்கிறது. பத்து வரி அமைப்புக் கோப்பை மாற்ற மட்டும் இல்லை.

கோபம் மிஞ்சியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: சர்வர் பதிப்பில் க்ரோனி, நான்கு தனித்தனி மூலங்கள், இயலும் இடத்தில் என்டிஎஸ் (நேரச் செய்தி உண்மையானதா என்று உறுதி செய்யும்) பாதுகாப்பு. அதற்கு டிசிபி 4460 துறை (போர்ட்) திறந்திருக்க வேண்டும் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்துவோருக்கு டைம்சிங்க்டி தானாக நிறுத்தப்பட வேண்டும். ஒரே கடிகாரத்தை இரண்டு நிரல்கள் இழுத்தால் எதுவுமே நிலைக்காது. மடிக்கணினிப் பதிப்பில் இப்போதுள்ளதே இருக்கட்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

அடுத்த வெளியீட்டின் தொகுப்புப் பட்டியலை முடிவு செய்வதற்கு முன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சர்வர்களைப் பராமரிப்போர் சிலர்