செயலாளரின் ஆண்டறிக்கை 2025: தனிநாயகம் அடிகளும் நமது சனிக்கிழமை வகுப்பும்

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

செயலவை மாதம் ஒருமுறை கூடியது. தீபாவளி மாதத்தில் மட்டும் கூடவில்லை. கூட்டியிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. மண்டப வாடகை ஏறியது, அதுவும் வழக்கம்போல்தான். கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார், அதற்குள் நான் நுழையவில்லை.

இந்த ஆண்டு நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, கத்தோலிக்கப் பாதிரியாரும் தமிழறிஞருமான தனிநாயகம் அடிகள் மறைந்து 45 ஆண்டுகள் ஆனதையொட்டி செப்டம்பரில் நாம் வைத்த நினைவுக்கூட்டத்தையும், அதிலிருந்து கிளம்பிய வகுப்பையும்தான்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதிலேயே இரண்டு செயலவைக் கூட்டங்கள் போயின. பாதிரியாருக்கு நினைவுநாள் என்றால் தேவாலயத்தில்தானே என்றார் ஒருவர். அவர் நடத்தியது தமிழ் மாநாடு, மண்டபத்தில் வையுங்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டையும் செய்தோம். காலையில் நம் கத்தோலிக்க உறுப்பினர்கள் திருப்பலியில் அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். நெற்றியில் திருநீறு வைத்த நாலைந்து பேரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மாலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கூட்டம். யாரும் சங்கடப்படவில்லை. “என்னை நன்றாக இறைவன் படைத்தனன், தன்னை நன்றாகத் தமிழ்செய்யு மாறே” என்ற திருமூலர் வரியைப் போகுமிடமெல்லாம் சொன்னவர் அவர். அவரை வைத்து நாம் இடம் பிரித்துச் சண்டை போட்டிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும்.

அவரைப் பற்றிக் கோலாலம்பூர்க்காரர்கள் பேசினால் பேச்சு நேராக 1966 ஏப்ரலுக்குப் போய்விடும். நியாயம்தான். முதல் உலகத் தமிழ் மாநாடு 16 முதல் 23 வரை இங்கேதான் நடந்தது. அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1964 ஜனவரியில், புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது முன்நின்றவரும் அடிகள்தான். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தன் அப்பா அந்த ஒரு வாரமும் பத்திரிகையைக் கடையில் நின்று ஓசியில் படிக்காமல் காசு கொடுத்து வாங்கினார் என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். அந்த வீட்டில் அது பெரிய செலவாம்.

ஆனால் மாநாடு எட்டு நாள். அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தது 1961 முதல் 1969 வரை. இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தார். அந்தத் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அப்படிக் காசு போட்டவர்களின் பிள்ளைகள் படிக்க வந்த இடத்துக்குத்தான் அடிகள் பேராசிரியராக வந்தார். இதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் கருத்து. மாலை போட மாநாட்டுப் படம் வசதியாக இருக்கிறது, வகுப்பறைக்குப் படம் இல்லை.

கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்கியது ஒரு அகராதி. அந்தாம் தெ ப்ரொயென்சா என்ற போர்த்துக்கீசியத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அடிகள் அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966-இல் இங்கே கோலாலம்பூரில் மறுபடி வெளியிட்டார். இதைப் பேசிய ஆசிரியை, பிள்ளைகளிடம் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எந்த மொழி என்று கேட்டார். தமிழ் என்றார்கள். மேஜா, அல்மாரி, ஜெண்டேலா? மலாய் என்றார்கள். ஏழும் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தவை என்றதும் மண்டபத்தில் ஒரே சலசலப்பு. பெரியவர்களுக்கும்தான்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். வாழ்க்கைக் குறிப்பைத் தயாரிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கரம்பனில் 1913-இல் பிறந்தவர், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தார், ரோமில் இறையியல் படித்து 1938-இல் குருவானார். பழந்தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றது அதற்கெல்லாம் அப்புறம். தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, வடக்கன்குளம் பள்ளியில் வேலை பார்த்தபோது, குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் பாடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது 27-ஐத் தாண்டியிருந்தது. அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய், சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆய்வு செய்தார்.

இதை நான் மேடையில் சொல்லி முடித்ததும், நம் சங்கத்துக்கு நாற்காலி அடுக்க, சாமான் ஏற்ற என்று எப்போதும் முதலில் வரும் ஒரு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். நம்ம அறிக்கைகூட என் மக படிச்சுதான் சொல்லுவா. அவருக்கு 27, எனக்கு 52. கத்துக்கொடுப்பீங்களா?” என்றார். மலாய்ப் பள்ளியில் படித்தவர். இத்தனை ஆண்டு அவருக்கு அழைப்பிதழை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அக்டோபரிலிருந்து சனிக்கிழமைதோறும் காலையில் வகுப்பு நடக்கிறது. ஏழு பேரோடு தொடங்கினோம், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், நாலு பேர் புதிதாக வந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை சம்பளம் வாங்காமல் நடத்துகிறார். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) மட்டும் சங்கச் செலவு.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். நினைவுக்கூட்டப் பதாகையில் அடிகளின் பெயர் ‘தணிநாயகம்’ என்று மூன்று சுழியில் அச்சாகியிருந்தது. அச்சகத்தின் மேல் பழி போட முடியாது, எழுத்தைச் சரிபார்த்துக் கொடுத்தது நான்தான். அன்று வந்திருந்த பேச்சாளர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வகுப்பின் ஐந்தாவது வாரம், மூலையில் சுருட்டி வைத்திருந்த பதாகையைப் பிரித்துப் பார்த்த அதே அண்ணன்தான், “இது ரெண்டு சுழி ‘ன’ இல்லையா?” என்று கேட்டார். மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டுக்குச் செயலவை கேட்பது இரண்டு: வகுப்புக்கு ஒரு வெண்பலகை, புதுப் பதாகை. பழையதை ஆசிரியை எடுத்துப் போய்விட்டார், ந, ண, ன பாடத்துக்கு வேண்டுமாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்